பூஜ்யம் மீட்டர்

கிழக்குத் தாம்பரத்தில் ஏறிய ஷேர் ஆட்டோ சேலையூரைத் தாண்டும்போதுதான் ஜெயப்ரியா விடிகாலையில் வந்திருந்த மெசேஜைத் திறந்தாள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். 'அலை உயரம் 0 மீட்டர். கடல் அமைதி.' அவள் எழுதிய புரோகிராம் அனுப்பியதுதான். சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் கேட்டதால் அவளுடைய கம்பெனி செய்து கொடுத்த வேலை அது. தினமும் விடிகாலை நான்கு மணிக்கு எட்டு மீனவக் குப்பங்களில் முந்நூற்று நாற்பது பேருக்குப் போகும். சரிபார்ப்பதற்காகத் தன் எண்ணையும் சேர்த்து வைத்திருந்தாள். குப்பத்தில் பிறந்தவள் அவள். ஹாஸ்டலுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அலையே இல்லாத கடலை ஒருநாளும் பார்த்ததில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி, மருந்துக்கடை மாடியிலிருந்த ஆபீசுக்குப் படியேறியவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவளுடைய புரோகிராம் இணையத்தில் இருக்கும் ஒரு வானிலைச் சேவையிடம் அலை உயரம் கேட்கும். அங்கிருந்து வரும் பதிலில் எண்ணை எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் 'கடல் அமைதி' என்று தானே சேர்த்துக்கொள்ளும். இன்று காலை வந்த பதிலில் எண் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று கோடுகள் மட்டும் இருந்தன. கடலில் மிதந்து அலையை அளக்கும் கருவி பழுதாகியிருக்கும். அளந்த எண்ணே வரவில்லை.

அந்தக் கோடுகள் எப்படிப் பூஜ்யமாயின என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. வந்ததை எண்ணாக மாற்று, முடியாவிட்டால் பூஜ்யம் வைத்துக்கொள். அவளே எழுதிய வரி. மூன்று வாரத்துக்கு முன்னால் தொண்டு நிறுவனத்துக்காரர்களுக்கு முதன்முதலில் காட்டிய அன்று, புரோகிராம் நடுவில் நின்று மானத்தை வாங்கிவிடக்கூடாதே என்று அவசரத்தில் எழுதியது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

அண்ணன் பாலுவின் செல்லுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. அம்மா பச்சையம்மா இரண்டாவது தடவைதான் எடுத்தாள்.

"பாலு எங்கம்மா?"

"கருக்கல்லயே பூட்டான். கூட்டாளி மகேஷும் அவனும். ரெண்டு நாளா கடலு சரியில்ல, வாணாம்டானு உங்கப்பா தலபாடா அட்ச்சிகினாரு. தங்கச்சி மிசினே அமைதினு சொல்லுது, உனக்கு இன்னா தெரியும்னு கேட்டுட்டுப் போனான். ஏன், இன்னா ஆச்சி?"

ஜெயப்ரியா பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஒன்பதரைக்கு முதலாளி ஸ்ரீரங்கன் வந்தார். நடந்ததை அவள் சொல்ல, நின்றுகொண்டே கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணிக்குத் தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வருகிறார்கள். அடுத்த வருடத்துக்கு நாற்பது குப்பங்கள் என்று பேச்சு.

"இப்ப போய்த் தப்புன்னு மெசேஜ் அனுப்பினா, நாளைக்கு யாராவது நம்மள நம்புவாங்களா ஜெயப்ரியா? அமைதியா புரோகிராமை ஃபிக்ஸ் பண்ணு. நாலு மணிக்கு எல்லாரும் போயிருப்பாங்க. இனிமே அனுப்பி என்ன ஆகப் போகுது?"

"இன்னும் போகாதவங்க இருப்பாங்க சார்."

"நான் வேண்டாம்னு சொல்றேன்."

அவர் தன் அறைக்குள் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, அவள் அடித்தாள். 'காலை வந்த தகவல் தவறு. அலை உயரம் தெரியவில்லை.' முந்நூற்று நாற்பது பேருக்கும் போயிற்று. அவளுடைய செல்லும் மேஜைமேல் ஒருதரம் அதிர்ந்தது.

அதன்பிறகு சும்மா உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள். வேளச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. திரும்பி வந்தாள். பாலுவுக்கு அடித்தாள். கை வேறு எதிலாவது இருக்கவேண்டும் என்றுதான் திருத்த உட்கார்ந்தாள். அலை உயரம் இனி வெறும் எண் இல்லை என்று எழுதினாள். அதற்கென்று தனி வகை. ஒன்று, அளந்த எண். இல்லையென்றால், தெரியாது. சேவையிலிருந்து வருகிற பதிலை வாசலிலேயே நிறுத்தி, இரண்டில் எது என்று கேட்காமல் உள்ளே விடக்கூடாது. எழுதியதைச் சரிபார்க்கக் கம்பைல் கொடுத்ததும் திரை முழுக்கச் சிவப்பாகப் பதினேழு பிழைகள் வந்து நின்றன. கண்ணை மூடிக்கொண்டு எண்தான் வரும் என்று அவள் நம்பியிருந்த பதினேழு இடங்கள். வேறொரு நாளாக இருந்தால் எரிச்சல் வந்திருக்கும். இந்தப் பதினேழும் மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று இருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தினாள். நடுவில் பதினொரு முறை பாலுவுக்கு அடித்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கீழே கார் வந்து நின்றபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நான்தான். என் செல்லு கடல்ல பூட்ச்சி."

"எங்க இருக்க? மகேஷ் அண்ணா எங்க?"

"கரையேறச்சொல்ல அலை போட்டைக் கவுத்துடிச்சி ஜெயா. நான் நீந்திகினு வந்துட்டேன். மகேஷுக்குக் கை ஒடிஞ்சி போச்சி. பெரியாஸ்பத்திரில கீறோம்."

படியில் ஏறிவந்த தொண்டு நிறுவனத்துக்காரர்களைப் பார்த்து ஸ்ரீரங்கன் சிரித்துக்கொண்டிருந்தார். "மேடம்தான் இதை எழுதினவங்க" என்றார். ஜெயப்ரியா அவர்களுக்கு வணக்கம் சொன்னாள்.

"காலைல போன மெசேஜ் தப்பு. தப்பு என்னுது. ரெண்டு பேர் கடல்ல கவுந்துட்டாங்க. திருத்தி வெச்சிருக்கேன், சார் காட்டுவாரு" என்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கினாள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் மகேஷ் மாவுக்கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பாலு டீ வாங்கப் போயிருந்தான். அவள் மூன்று கோடுகளில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். தன் வரியை ஒளிக்கவில்லை. மகேஷ் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நாளைலேர்ந்து அளவு இல்லனா இன்னா வரும்?"

"தெரியாதுன்னு வரும் அண்ணா."

"தெரியாதுன்னா? போலாமா, வாணாமா?"

எதிரே முற்றத்துக் கொடியில் வார்டு படுக்கைவிரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. வாடைக்காற்று அவற்றைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒன்று கிளிப்பைப் பிய்த்துக்கொண்டு சுவரைத் தாண்டி ரோட்டுப்பக்கம் போனது. மகேஷ் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, காற்றை அளப்பவன்போல மீதி விரிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள்.