பூசத்தன்று கழற்றாத காலணிகள்

தைப்பூசத்தன்று அந்த அலுவலகத்தில் யாரும் காலணியைக் கழற்றுவதில்லை. ஏன் என்று யாரும் கேட்பதுமில்லை. ஆற்றுமுகத்துக்கு அருகிலிருந்த அந்தக் கப்பல் நிறுவனத்தில் இதை எவரும் எழுதிவைக்கவில்லை. சேர்ந்த முதலாண்டிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். காரணம் எளியது. பூசத்தன்று வேலைக்கு வந்த இந்துக்களின் பாதங்கள், மேசைக்கடியில் அசையாமல் இருந்தபடியே, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து செலிகி ரோடு வழியாக டேங்க் ரோடு முருகன் கோயில்வரை நடந்துவிடும். நண்பகலுக்குள் காலுறையில் சாலைப் புழுதி சேரும், உள்ளங்காலில் தார் ஒட்டும், கொப்புளம் எழும். பால்குட நேர்த்திக்கடன் உள்ளவர்களின் காலணிக்குள் பால் சிந்தி, மாலைக்குள் புளித்துவிடும். அந்த வாடை ஆற்றிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு சன்னலைச் சாத்துவார்கள்.

பூசம் அப்போது அரசாங்க விடுமுறைதான். ஆனால், "கப்பலுக்குப் பூசம் தெரியாது தம்பி" என்பது தலைமை எழுத்தர் பேரின்பநாயகத்தின் வாக்கு. யாழ்ப்பாணத்தாரான அவர் வீட்டில் பூசிய திருநீற்றை அலுவலக வாசலில் துடைத்துவிட்டு உள்ளே நுழைவார்; வாசலைத் தாண்டி அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டார். எழுத்தர் மாணிக்கம் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தது, நகரில் இளம்பிள்ளை வாதம் பரவிய 1958-இல். அவ்வாண்டு, நடக்கப் பழகியிருந்த மகள் லீலாவின் கால்கள் துவண்டன. அவள் எழுந்து நடந்தால் பூசந்தோறும் தானும் வெறுங்காலுடன் நடப்பதாக மாணிக்கம் வேண்டிக்கொண்டார். அவள் நடந்தாள். பூசம் வந்தபோது அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அன்று மாலை அஞ்சியபடியே வீட்டில் காலணியைக் கழற்றினார். உள்ளங்கால் முழுக்கத் தார். மனைவி பூவம்மா தேங்காயெண்ணெய் தேய்த்துத் தாரை எடுத்தாள். காலுறையை உதறி, அந்தப் புழுதியைக் குழந்தையின் முழங்கால்களில் தடவினாள். "முருகன் ஏத்துக்கிட்டாரு" என்றாள்.

பின்னர் தன்னாட்சி வந்தது, மலேசியாவோடு இணைப்பு வந்தது, போனது. குடும்பம் கடைவீட்டு அறையிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. பூவம்மா நினைவூட்டினால்தான் பூசம் என்று மாணிக்கத்துக்குத் தெரியும் என்றாயிற்று. ஓராண்டு கொப்புளம் எழவில்லை. பிறிதோராண்டு தார் ஒட்டவில்லை. "என்னங்க, போன தடவ ரெண்டு காலுக்கும் இருந்துச்சு. இதுல எந்த முட்டிக்குத் தடவுறது?" என்று பூவம்மா காலுறையைத் திருப்பித் திருப்பி உதறினாள். கேலியாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது குரல் இறங்கியிருந்தது. மாணிக்கம் அன்றிரவு மகள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடு தனிக் குடியரசான சில ஆண்டுகளில் விடுமுறைகள் குறைக்கப்பட்டன. நீங்கியவற்றுள் பூசமும் ஒன்று. அடுத்த பூசத்தன்று நகரின் எல்லா அலுவலகங்களிலும் பாதங்கள் நடந்தன. மருந்துக் கடைகளில் கொப்புளக் களிம்பு தீர்ந்துபோயிற்று. அன்று காலை படியிறங்கும்போது லீலா, "அப்பா, கால் மரத்துப் போச்சுலா" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தாள். நண்பகலில் மாணிக்கம் கழிவறைக்குள் தாழிட்டுக்கொண்டு காலுறையை விலக்கிப் பார்த்தார். காலுறை துவைத்துப் போட்டது போல வெள்ளையாக இருந்தது. திரும்பி வந்து அமர்ந்தார். சுற்றிலும் இந்துக்கள் ஒவ்வொருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கோப்புகளைப் புரட்டினர். வலியில்லாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அந்த வலியின்மையை அவரால் தாங்க முடியவில்லை.

நாற்காலியைப் பின்னே தள்ளி, எல்லோரும் பார்க்க, மாணிக்கம் காலணிகளைக் கழற்றினார். காலுறைகளையும் கழற்றி, வெறும்பாதங்களைச் சிமெண்டுத் தரையில் ஊன்றி எழுந்தார்.

"மாணிக்கம், சப்பாத்தைப் போடும். துரை தன்ர அறைக்குள்ள இருந்து பாக்கிறார்" என்றார் பேரின்பநாயகம், தாழ்ந்த குரலில்.

"பாக்கட்டும் சார். என் காலப் பாருங்க, அழுக்கே இல்ல. உங்களுக்கெல்லாம் நடக்குது. எனக்கு நின்னுபோச்சு. நானே நடந்துட்டு வரேன்."

"இப்ப வெளிய போனீரெண்டா நாளைக்கு உமக்கு இந்தக் கதிரையும் இல்லை, வேலையும் இல்லை."

"தெரியும் சார்."

பேரின்பநாயகம் காலையிலிருந்து இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருடைய மேசைக்கடியிலிருந்து புளித்த பாலின் வாடை வந்தது. மாணிக்கத்தின் பாதங்களைச் சற்று நேரம் பார்த்தார்.

"செலிகி ரோட்டில இடப்பக்கமாப் போம்" என்றார். "மற்றப் பக்கம் கல்லு கொட்டிக் கிடக்கு."

மாணிக்கம் தலையசைத்துவிட்டு, மேசைகளுக்கு நடுவே வெறுங்காலுடன் நடந்து படியிறங்கினார்.