இடது பின் சில்லு

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கையில் கார் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்கள் எல்லோருக்கும் கிளெமென்ற்தான் மெக்கானிக். உத்தியோகம் என்னவோ துறைமுகக் கந்தோரில் கிளார்க். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்து, பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு யாருடைய காருக்காவது அடியில் படுத்தால்தான் அவருக்கு வாரம் முடிந்த மாதிரி. கூலி என்று ஒரு சதமும் வாங்கமாட்டார். "பிறேக் எண்டா கிளெமென்ற்தான்" என்று ஒழுங்கையில் யாராவது சொல்லும்போது, கேட்காதவர்போல முகத்தை வைத்துக்கொள்வார். அந்தப் பேச்சுக்காகத்தான் அவர் அவ்வளவும் செய்தார் என்பது அவருடைய மனைவி கொன்ஸ்ரன்ஸுக்கு மட்டும் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. இறக்குமதி நின்றுபோய், ஒரு சின்ன ரப்பருக்குக்கூடப் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு சனிக்கிழமை பின்னேரம், இரண்டு வீடு தள்ளியிருந்த ஷரீப் தன் மொறிஸ் மைனரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஷரீபுக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. மறுநாள் நீர்கொழும்பில் சொந்தத்தில் ஒரு கலியாணம். இரண்டு நாளாகப் பிறேக் மிதி கொஞ்சம் கீழே போகிறது, பின்பக்கம் ஏதோ உரசுகிறது என்றார்.

கிளெமென்ற் ஜக் வைத்து இடது பின் சில்லைக் கழற்றினார். சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்பு ட்றம்மைத் தட்டி இழுத்தார். உள்ளே பிறை வடிவில் எதிரும் புதிருமாக இரண்டு ஷூக்கள். மிதியை அமத்தினால், மேலேயுள்ள சின்னச் சிலிண்டர் அவற்றை வெளியே தள்ளும். ஷூக்களில் ஒட்டியிருக்கும் லைனிங் ட்றம்மின் உட்புறத்தைப் பிடித்து நிறுத்தும். அந்தச் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து ஒயில் கசிந்து, இரண்டு லைனிங்கும் ஊறிப்போயிருந்தன.

ஊறிய லைனிங்கைக் காப்பாற்ற முடியாது. பெற்றோலால் கழுவி, அரத்தாளால் தேய்த்தால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். ஓடி ஓடிச் சூடேறும்போது உள்ளே போன ஒயில் வியர்த்து வெளியே வரும். புது ஷூவும் புது ரப்பரும் போட வேண்டும். இது கிளெமென்றுக்கு நன்றாகவே தெரியும். கடைகள் பூட்டியாயிற்று என்பதும் தெரியும். இந்தக் காரை எடுக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் "என்னால் ஏலாது" என்ற சொல்லை அவர் அந்த ஒழுங்கையில் இதுவரை சொன்னதில்லை. ஷரீப் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஷூக்களைக் கழுவினார், தேய்த்தார், ரப்பரைத் துடைத்துத் திரும்பவும் அதையே போட்டார், ஒயில் நிரப்பினார், ட்றம்மை மூடினார். மிதித்துப் பார்த்தபோது மிதி கெட்டியாக நின்றது.

"சரியா அண்ணே? நாளைக்கு உம்மாவையும் ஏத்திக்கிட்டுத்தான் போகணும்" என்றார் ஷரீப்.

"சரி. பயப்பிடாமப் போங்க."

மறுநாள் திரும்பிவரும் வழியில், வத்தளைக்கு இந்தப் பக்கம், மழையில் நனைந்திருந்த றோட்டில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. ஷரீப் பிறேக்கை மிதித்தார். வலது பின் சில்லு பிடித்தது, இடது பிடிக்கவில்லை. கார் ஒரு சுற்றுச் சுற்றி மதகுச் சுவரில் போய் இடித்தது. ஷரீபுக்கும் மனைவிக்கும் கீறல்தான். உம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

திங்கட்கிழமை பின்னேரம் காரைக் கட்டியிழுத்து வந்து ஷரீபின் வாசலில் விட்டிருந்தார்கள். கிளெமென்ற் போனபோது வீட்டுக்குள்ளிருந்து உம்மாவின் குரல் கேட்டது. காரைப் பேய் மாதிரி ஓட்டியதாகவும், சொன்ன சொல் கேளாத பிள்ளை என்றும் மகனை ஏசிக்கொண்டிருந்தார். விபத்தைக் கேள்விப்பட்டு வந்த உம்மாவின் தம்பி ஸஹாப்தீன் அந்த வாசலிலேயே எல்லோருக்கும் கேட்கும்படி ஷரீபைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்பதை ஷரீபே சொன்னார். சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கொஞ்சம் ஸ்பீடாத்தான் வந்தீக்கிறேன் போல. நீங்க செஞ்சு தந்த வேலையையும் நாசமாக்கிட்டேன். மன்னிச்சுக்கோங்க அண்ணே."

கிளெமென்றுக்குக் காது இரண்டும் சுட்டது. சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். ஷரீப் உள்ளே உம்மா கூப்பிட்டதைக் கேட்கப் போன நேரத்தில் சில்லையும் ட்றம்மையும் கழற்றினார். கருகிய ஒயில் வாசம் முகத்தில் அடித்தது. லைனிங் இரண்டும் ஈரமாகப் பளபளத்தன. துடைத்து மூடிவிடலாம். இடித்த இடிப்பில் சிலிண்டர் உடைந்தது என்று சொன்னாலும் ஷரீப் நம்புவார். அப்படிச் சொல்வதற்கான வசனம் முழுதாக வாயில் வந்து நின்றதை உணர்ந்தபோதுதான் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஷரீப் வெளியே வந்ததும் கூப்பிட்டார்.

"இஞ்ச வாங்க. இதைத் தொட்டுப் பாருங்க."

ஷரீப் தொட்டார். விரலில் ஒயில் ஒட்டியது.

"சனிக்கிழமையே இது இப்பிடித்தான் இருந்தது. கழுவிப்போட்டுத் திருப்பிப் போட்டனான். நிக்காது எண்டு எனக்குத் தெரியும். சொல்ல வெக்கமா இருந்தது, சொல்லேல்ல. உங்கட ஓட்டத்தில பிழையில்ல, ஷரீப்."

ஷரீப் விரலைக் கந்தையில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார். கத்துவார் என்று கிளெமென்ற் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சொல்லீந்தா நாங்க பஸ்ஸுல போயீப்பமே" என்றார் ஷரீப். அவ்வளவுதான்.

உம்மாவிடமும் சொல்ல வேண்டும் என்று கிளெமென்ற் உள்ளே போனார். மாக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முழுவதையும் கேட்டார். கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகனை ஏசியதற்குத்தான் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவார், அவர்தான் பிள்ளையை நாலு பேருக்கு முன்னால் கேவலப்படுத்தியவர், அவரிடமும் நீங்களே சொல்ல வேண்டும் என்றார். தான் சொன்னால் மகனுக்காகப் பேசுகிறேன் என்று நினைப்பார்களாம்.

அந்த ஒரு கிழமையும் கிளெமென்ற் ஞாயிற்றுக்கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். கொன்ஸ்ரன்ஸ் அவரை ஏசவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், போட்டிருந்த கோவில் சட்டையோடேயே போகச் சொன்னாள்.

ஷரீபின் கூடத்தில் கதிரைகள் எல்லாம் நிறைந்திருந்தன. நீர்கொழும்பு உறவினர்கள் ஏழெட்டுப் பேர். கிளெமென்ற் உட்காராமலேயே சொன்னார். ஷூ என்றால் என்ன, ஒயில் ஊறினால் என்ன ஆகும் என்று விளக்கத் தொடங்கியவர், அந்த விளக்கத்துக்குள்ளேயே தான் ஒளிந்துகொள்ளப் பார்ப்பது தெரிந்து நிறுத்தினார்.

ஸஹாப்தீன் மெதுவாகக் கேட்டார். "தெரிஞ்சிக்கிட்டுத்தான் குடுத்தீங்களா?"

"ஓம். தெரிஞ்சுதான்."

ஸஹாப்தீன் மருமகன் பக்கம் திரும்பித் தான் பேசியதெல்லாம் பிழை என்றார். அதன் பிறகு எல்லோரும் ஷரீபோடு கதைத்தார்கள். கிளெமென்றை ஒருவரும் பார்க்கவில்லை. ஷரீபின் மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்காமல் போனால் மரியாதையில்லை என்று நின்றபடியே குடித்தார்.

வாசல்வரை ஷரீப் வந்தார். காரைக் கிராண்ட்பாஸில் ஒரு கராஜுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கொஞ்சம் தயங்கிவிட்டு, இந்தக் கதையை ஒழுங்கையில் யாருக்கும் தான் சொல்லவில்லை என்றும், சொல்லப்போவதில்லை என்றும் சொன்னார். அந்தத் தயவு அவ்வளவு பேர் முன்னால் நின்றதைவிடக் கிளெமென்றைக் கூசவைத்தது.

வெளியே, ஒழுங்கையில் கார் வைத்திருந்த இன்னொருவரான பலீல் தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். பின் பிறேக்கை ஒருக்கால் பார்க்க வேண்டும், எப்போது நேரம் இருக்கும் என்று கேட்டார். கிளெமென்ற் நின்றார். தன்னிடம் வேலை கொடுக்குமுன் ஒரு விசயம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, ஷரீபின் கார் எப்படி இடித்தது என்பதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். பலீல் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.