நூறு ரூபாய் வெட்டு

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலைக்குக் குறுக்கே சாய்த்த மரங்களை அகற்ற ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் காலை வெள்ளிமலையிலிருந்து இறங்கிய முதல் ஜீப், கள்ளக்குறிச்சியில் எம்.பி. அலுவலக வாசலில் வந்து நின்றது. பிதுங்கப் பிதுங்கப் பதினைந்து பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவள் சின்னப்பொண்ணு. அவள் ஊருக்கும் ஜீப் பாதைக்கும் நடுவே ஓர் ஓடை. பாலம் கிடையாது. போன மழையில் அவள் மருமகள் பிரசவ வலியோடு ஓடைக்கரையிலேயே செத்துப்போனாள்.

"எங்களுக்கு வர்ற காசுல நூறு ரூபா வெட்டுங்கன்னு உங்க எம்.பி. டெல்லிக்கு எழுதி அனுப்புனாராமே! பேப்பர்ல போட்டிருக்கான். இன்னா வயித்தெரிச்சல் அந்தாளுக்கு?"

தட்டச்சு மேசையிலிருந்த பிரின்சி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வெட்டுத் தீர்மானத்தை அடித்தவள் அவள்தான்.

எம்.பி.யின் காரியங்களைப் பார்க்கும் தெய்வசிகாமணி சிரித்தார்.

"அது சபையில வழக்கம்மா. மலைசாதி நலத்துக்கு இவ்ளோ வேணும்னு சர்க்கார் கேக்கும். அதுல நூறு ரூபா கொறைங்கன்னு எழுதிக் குடுத்தா, பாலம் ஏன் இல்லன்னு எழுந்து கேக்கலாம். நெசமா எவனும் வெட்டமாட்டான்."

"சரி, எழுந்து கேட்டாரா?"

சிரிப்பு நின்றது.

"எங்க கேக்கறது? ஒதுக்கீடு வேணும்னு மரத்த வெட்டிப் போட்டானுங்களே, அதுல மாட்டிக்கினாரு. டெல்லி போவ முடியல. ஆளு இல்லன்னா தீர்மானம் செல்லாது. மொத்தப் பணமும் ஓட்டுக்கு வுட்டு பாஸாயிடுச்சு. உங்க பாலத்தப் பத்தி ஒரு வார்த்த இல்ல." அவர் தெருவைக் காட்டினார். "அதோ டீக்கடையில குந்திக்கினு இருக்கானே, அவந்தான் மொத மரத்த சாய்ச்சவன்."

அறிவுச்செல்வன் நேற்றுதான் ஜாமீனில் வந்திருந்தான். ஜீப் டிரைவர் அவன் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தான்.

"எங்க பொண்ணுங்க செத்தா உனுக்கு இன்னாடா? உனுக்கு வேல கெடச்சா போதும்!"

"படிச்சிட்டு மாடு மேய்க்கறேன்யா. கேட்டா தப்பா? உங்களுக்குத்தான் ஒதுக்கீடு இருக்குதே, பேசுவீங்க."

"இருந்து? பொணத்தத் தூக்கிக்கினு நடக்கறதுக்கா?" என்று சின்னப்பொண்ணு ஓங்கி அறைந்தாள். அவன் உதடு கிழிந்தது. இரண்டு பேர் அவன் கையைப் பின்னால் முறுக்கினார்கள். ஒருவன் ஜீப்பிலிருந்து கடப்பாரையை உருவினான்.

தெய்வசிகாமணி உள்ளே நகர்ந்தார். "பிரின்சி, கதவச் சாத்து. அவங்க பாடு, அவன் பாடு. நமக்கு இன்னா?"

பிரின்சி எழுந்தாள். இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் குரல் வாசல் தாண்டியதில்லை. தெய்வசிகாமணி ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது. கதவைப் பிடித்தாள். கடப்பாரை மேலே போனது.

கதவை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"அவர அடிக்காதீங்க!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"உனுக்கு இன்னா பாப்பா தெரியும்?" என்றாள் சின்னப்பொண்ணு.

"பிரின்சி, உள்ள வா!" தெய்வசிகாமணி கத்தினார்.

அவள் படியிறங்கிச் சின்னப்பொண்ணு முன்னால் நின்றாள்.

"மரம் விழறதுக்கு முன்னாடியே எம்.பி. டெல்லி போயிட்டாருங்க. போன்ல அவரே என்கிட்ட சொன்னாரு. பாலத்தப் பத்திப் பேச சபையில அவரு பேரக் கூப்பிட்டப்ப, மத்தியானம் சாப்ட்டுட்டு ரூம்ல தூங்கிக்கினு இருந்தாரு."