அடி போல்ட்டில் ஒரு கோடு

டாக்ஸிக்காரிக்குப் புருஷன் மேல் பாசம் உண்டு, நம்பிக்கைதான் கிடையாது. எப்படி இருக்கும்? தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டேன் என்று சத்தியம் செய்த ஆள் அவன். மறுவாரமே குழாயில் புழு நெளிந்தது.

அப்படிப்பட்டவன், டாக்ஸியின் கியர் பாக்ஸ் ஆயிலை ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மாற்றித் தருகிறேன் என்று குதித்தால் நம்ப முடியுமா? ஆட்டோமேட்டிக் வண்டி. ஆயில் கறுத்துப்போய், சிக்னலில் கிளம்பும்போதெல்லாம் ஓர் உதறு உதறியது. கியர் பாக்ஸ் போனால் வண்டி போச்சு. வண்டி போனால் அவள் பிழைப்பே போச்சு.

சனிக்கிழமை அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். ஆயில் வடிக்கிற போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தாள். போல்ட்டைத் திருகினால் கோடு உடையும். உடையாவிட்டால் ஆசாமி மாட்டினான்.

ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால், வாசலிலேயே நிற்கிறான், வாயெல்லாம் பல்லாக.

"பழசு மிச்சமில்லாம போகணும்னு மூணு தடவை வடிச்சு, மூணு தடவை புதுசு ஊத்தியாச்சு. நாளைக்கு ஓட்டிப் பாரு, சும்மா வழுக்கிட்டுப் போகும்."

"பழைய ஆயில் எங்க?"

"அத அப்பவே ஒர்க்‌ஷாப்ல குடுத்துட்டேன்."

அவன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில்கூடக் கறுப்பு இல்லை, சோப்பு வாசனைதான் வந்தது. இவனாவது ஆயில் மாற்றுவதாவது!

மறுநாள் காலை அவன் பால் வாங்கப் போனதும் டார்ச்சோடு அடியில் நுழைந்தாள். கோடு அப்படியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை.

அடப்பாவி! புளுகுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தக் கறுப்புக் கழிவை ஒரு டம்ளரில் பிடித்து அவன் முன்னால் வைக்காமல் விடுவதில்லை என்று, கழுவிய பேசினைக் கீழே தள்ளி, ஸ்பேனரை மாட்டிப் போல்ட்டைத் திருகினாள்.

சிவப்பாகக் கொட்டியது. கறுப்பும் இல்லை, தீய்ந்த வாடையும் இல்லை. டின்னிலிருந்து அப்போதுதான் ஊற்றிய மாதிரி புத்தம் புது ஆயில்.

கையிலிருந்த போல்ட்டை வெளிச்சத்தில் பார்த்தாள். மல்லாந்து படுத்து அவள் இழுத்த கோடு கோணல்மாணலாக இருந்தது. இது ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது.

"காலங்காத்தால அங்க என்ன பண்ற?" வண்டிக்கு வெளியே பால் பாக்கெட்டோடு அவன் நின்றிருந்தான்.

"இந்தக் கோட்ட நீங்களா திரும்பப் போட்டீங்க?"

அவன் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். "அழிஞ்சிருந்தா நான் பாத்துட்டேன்னு உனக்குத் தெரிஞ்சிடுமே. நீ சங்கடப்படுவியேன்னு, உன் பாட்டில்ல இருந்தே எடுத்துப் போட்டேன்."

"கோடு அப்படியே இருந்தா நீங்க மாத்தவே இல்லன்னு அர்த்தங்க!"

"அட ஆமால்ல. அத யோசிக்கல."

அவளுக்கு அப்படியே அங்கேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவனோ புனலை எடுத்துவந்தான். அவள் போல்ட்டை முடுக்கினாள். பேசினில் இருந்ததைச் சிந்தாமல் திரும்ப ஊற்றினான்.

பிறகு உள்ளே போய் நெயில் பாலிஷ் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினான். கிண்டல் செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். கிண்டலே இல்லை.

"இந்தா, இந்தத் தடவை நீயே போட்டுடு. இல்லன்னா உனக்குத் தூக்கம் வராது."