சக்களத்தி வண்டி

வண்டியைக் கிளப்பச் சுற்றிய ஹேண்டில் மறுபடியும் எதிர்த்து அடித்தது. சவேரியார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். பிக்கப் ஒருமுறை இருமிவிட்டுப் பழையபடி நின்றது.

அதன் பின்தட்டில், பாயும் பழைய சேலைகளும் விரித்த படுக்கையில், அவர் மனைவி மிக்கேலம்மாள் முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் ஜோதிமேரிக்கு அய்யாவைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. சில நாளாகவே ஆத்தாவுக்கு வயிறு பலகையாய் இறுகிக் கிடந்தது. கஷாயமும் ஒத்தடமும் கேட்கவில்லை. காலையில் வந்து தொட்டுப் பார்த்த கம்பவுண்டர், இன்றைக்கே ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்க வழியுண்டு, நாளைக்கு என்றால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சிமடத்தில் நிற்கிற ராமேஸ்வரம் ரயில் அதற்குள் போய்விட்டது. தோணியில் போகலாமென்றால் எதிர்க்காற்று. இனி தனுஷ்கோடியிலிருந்து மதியம் வரும் ரயிலைப் பாம்பனில் பிடித்தால்தான் உண்டு.

வேலிக்கு வெளியே சதக்கத்துல்லாவின் மாட்டு வண்டி காத்து நின்றது. மீன் கூடைகளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போகிறவர் அவர். செய்தி கேட்டு, கூடைகளை இறக்கிவிட்டு, வைக்கோல் பரப்பிக்கொண்டு தானாகவே வந்திருந்தார்.

"சவேரியாரே, இப்பக் கெளம்புனா என் மாடு ரயிலுக்குப் போய்ச் சேந்துரும். பொறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார்.

சவேரியார் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

அந்தப் பிக்கப்பைப் பற்றிக் கேட்டால் ஊரே சிரிக்கும். யுத்தத்தின்போது பட்டாளத்துக்கு ஓடி, பிறகு மண்டபத்தில் ஒரு புளியமரத்தடியில் கேட்பாரற்றுக் கிடந்த வண்டி அது. தன் வள்ளத்தைக் கொடுத்து அதை வாங்கினார் சவேரியார். பாம்பன் பாலத்தில் ரயில்தான் போகும் என்பதால், இரவல் வள்ளங்கள் இரண்டைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே பனங்கட்டை போட்டு, அதன்மேல் நிறுத்திக் கடலைத் தாண்டிக் கொண்டுவந்தார். கடல் தெரிந்த மனிதருக்கு இஞ்சின் என்ன தெரியும்? வள்ளத்தைப் பார்க்கிற மாதிரியேதான் அதையும் பார்த்தார். துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எறிந்துவிட்டு வள்ளப்பலகை பதித்தார். இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். உப்புக்காற்று அரிக்காமலிருக்க வாரம் தவறாமல் சுறா எண்ணெய் தடவினார். அந்த வாடைக்கு ஊர்ப் பூனைகளெல்லாம் வண்டிக்கடியில் குடியேறின. சாமான் தேடி மதுரை வரை அலைந்தார். சின்ன வண்டிதான், முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் கொஞ்சம் கூடை ஏற்றலாம். ஓடவைத்துவிட்டால் இன்னொருவன் வள்ளத்தில் கூலிக்குப் போகவேண்டாம் என்பது அவர் கனவு. வருஷக்கணக்காக அந்தக் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

மிக்கேலம்மாள் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். "உங்கய்யா சக்களத்தி வீட்டுல இருக்காரு, சோத்துக்குக் கூப்புடு" என்று மகளை அனுப்புவாள். ஆனால் கிழிந்த பாய்மரத் துணியை மடித்து அதற்கு சீட்டு தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். அவர் கடலுக்குப் போன நாட்களில் கோழி ஏறாமல் கம்பெடுத்து விரட்டியவளும் அவள்தான்.

போன மாதம்தான் வண்டிக்கு உயிர் வந்தது. கோவில் வரை போய்த் திரும்பியது. அதன் குணத்தைச் சவேரியார் மகளுக்குப் பாடம் மாதிரிச் சொல்லிக் கொடுத்திருந்தார். காலையில் மல்லுக்கட்டித்தான் எழுப்ப வேண்டும். ஓடிச் சூடேறிய பிறகு நின்றுவிட்டால் ஆறுகிற வரை அசையாது. ஆறிவிட்டால் தொட்டதும் எடுக்கும்.

ஜோதிமேரி ஆத்தாவின் காதருகே குனிந்து, மாட்டு வண்டியிலேயே போய்விடலாம் என்றாள். மிக்கேலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சதக்கத்துல்லா பாயைப் போகச் சொல்லு. உங்கய்யா கொண்டுபோவாரு."

"ரயிலு போயிரும் ஆத்தா."

"இதுல நான் ஏறாம வேற யாருடி ஏறுவா?"

சவேரியாருக்கு அது கேட்டிருக்க வேண்டும். ஹேண்டிலை எடுத்து மறுபடியும் மாட்டினார். சதக்கத்துல்லா மாட்டைத் திருப்பினார். கூடையை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மனசில் நினைத்ததெல்லாம் மனுஷர் முகத்தில் இருந்தது.

நிழல் காலுக்கடியில் சுருங்கிய நேரத்தில், இனி அவ்வளவுதான் என்று ஜோதிமேரி நினைத்தபோது, இஞ்சின் பிடித்துக்கொண்டது. சவேரியார் ஓடிப்போய் ஏறினார். தெருவே வெளியே வந்து பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. வண்டி கோவிலைத் தாண்டும்போது மிக்கேலம்மாள் படுத்தபடியே சிலுவைக்குறி போட்டாள். அந்த வலியிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்ததை ஜோதிமேரி பார்த்தாள். இந்த வேகத்தில் போனால் ரயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்று அவளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

அக்காள்மடம் தாண்டியதும் பாதை கெட்டது. மணலும் பள்ளமும் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மிக்கேலம்மாள் மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டாள். பிறகு அதுவும் முடியாமல் மகளின் கையில் நகம் பதியப் பிடித்தாள்.

"நிறுத்தச் சொல்லு. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லு."

ஜோதிமேரி வண்டியின் கூரையைத் தட்டினாள்.

"நிறுத்தக் கூடாது புள்ள. சூட்டுல நின்னா எடுக்காது. இந்தா, கொஞ்சத் தூரந்தான்" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

அடுத்த பள்ளத்தில் ஆத்தா போட்ட சத்தம் மனுஷக் குரலாகவே இல்லை. ஜோதிமேரி இரண்டு கையாலும் கூரையை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். வண்டி நின்றது. சவேரியார் சாவியைத் திருப்பி அணைக்கவில்லை. காலால் இஞ்சினை உறுமவிட்டுக்கொண்டேதான் இருந்தார். அது கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்துவிட்டுத் தானாக அடங்கியது.

அதன் பிறகு சவேரியார் செய்யாதது எதுவும் இல்லை. ஹேண்டில் போட்டார். கார்பரேட்டரை வாயால் ஊதினார். சுற்றிலும் பனையும் முள்ளும் மணலும்தான், தண்ணீர் கிடையாது. மிக்கேலம்மாளுக்குக் குடிக்க வைத்திருந்த சொம்பு மட்டும் பின்தட்டில் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அவள்தான் கையால் அதை நகர்த்தினாள்.

"இத ஊத்திப் பாருங்க."

அவர் தோள்துண்டை நனைத்து, கொதிக்கிற பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினார். அது ஆவியாகப் போனது. மறுபடி நனைத்தார். சொம்பில் ஒரு வாய்த் தண்ணீர் மிஞ்சும் வரை நனைத்தார். ஹேண்டில் சுற்றியது, இஞ்சின் ஊமையாக இருந்தது.

அப்போது ரயில் ஊதியது. பனைகளுக்கு மேலே புகை தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, காற்றோடு, ரயில் பாலத்தில் ஏறும் தடதடப்பு கேட்டது. கடலின் மேல் மெதுவாகத்தான் போகும் என்பதால் அந்தச் சத்தம் முடியவே மாட்டேன் என்றது. சவேரியார் ஹேண்டிலை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"போயிருச்சா?" என்றாள் மிக்கேலம்மாள்.

"இல்ல ஆத்தா, அது சரக்கு வண்டி" என்றாள் ஜோதிமேரி.

சவேரியார் பின்பக்கம் வந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கை முழுக்கக் கரியும் எண்ணெயும். மிக்கேலம்மாளைத் தொடத் தயங்கினார்.

"நல்லாத்தான ஓடுச்சு" என்றாள் அவரிடம்.

பிறகு அவள் பேசவில்லை. உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டபோது ஜோதிமேரி மிஞ்சியிருந்த தண்ணீரை ஊற்றினாள். அது உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. அய்யா நீட்டிய துண்டால் துடைத்துவிட்டாள். துண்டில் பெட்ரோல் நாற்றம் அடித்தது. ஆத்தா சாகும்போது மூக்கில் இந்த நாற்றமா போகவேண்டும் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது. துண்டை எறிந்துவிட்டுச் சேலை முந்தானையை எடுத்தாள். அதற்குள் முடிந்துவிட்டது.

சதக்கத்துல்லாவின் மாடு மணியாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்துகொண்டார். தன் வண்டியில் இடம் செய்ய, மீன் கூடைகளை ஒவ்வொன்றாகப் பாதையோரம் இறக்கத் தொடங்கினார்.

சவேரியார் யாரையும் பார்க்கவில்லை. கைக்கு வேறு வேலை தெரியாதவர் போல முன்பக்கம் போனார். குனிந்து ஹேண்டிலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

பிக்கப் எடுத்துக்கொண்டது. இருமல்கூட இல்லை. சீராக, தையல் மிஷின் மாதிரி ஓடியது. சதக்கத்துல்லா கையில் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார்.

திரும்பும்போது சவேரியார் ஒவ்வொரு பள்ளத்தையும் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். மிக்கேலம்மாளின் தலை மகள் மடியில் கொஞ்சமும் அசையவில்லை. வழியில் எங்கும் வண்டி மக்கர் பண்ணவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி, அவளை இரண்டு கையிலும் ஏந்தி உள்ளே கொண்டுபோனார். சாவியை மட்டும் திருப்பவில்லை.

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. வாசலில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. போய்வருவதற்கென்று தொட்டி நிறைய பெட்ரோல் ஊற்றியிருந்தார். பெண்கள் அதற்கு மேல் குரலெடுத்து அழ வேண்டியிருந்தது. சவேரியார் பிணத்தின் கால்மாட்டில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் வண்டியை அணைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கோவில் உபதேசியார் ஜெபமாலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தினார். ஜோதிமேரியைப் பார்த்து, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தம்மா என்றார்.

அவள் எழுந்து போனாள். பின்தட்டில் பாயும் சேலைகளும் போட்டபடி கிடந்தன. காலிச் சொம்பு அதிர்வில் பலகைமேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. அவள் முன்பக்கம் ஏறி, ஆத்தா தைத்த சீட்டில் உட்கார்ந்து, சாவியில் கையை வைத்தாள். கை முழுக்க அதிர்ந்தது. உள்ளங்கையில், கூரையை அடித்த இடம் இன்னும் கன்றிச் சிவந்திருந்தது.

சாவியைத் திருப்பாமலே கையை எடுத்தாள். இறங்கும்போது சொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார்.

"அது தானா நிக்கும்" என்றாள்.

அவர் வாசலையும் சவேரியாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மணியை நகர்த்தி, வண்டிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.