நூற்றுத் தொண்ணூறுக்குக் கட்டிய காயில்

மூன்றாவது கன்டென்சரும் வெடித்த அன்று, என் கணவர் பகலவன் ஆம்ப்பை விட்டுவிட்டு மீட்டரைத் திட்ட ஆரம்பித்தார். முந்நூறு வோல்ட் வர வேண்டிய இடத்தில் முந்நூற்று எழுபது வருகிறதாம். மீட்டர் பொய் சொல்கிறதாம். புது பேட்டரி போட்டுப் பார்த்தார். மீட்டர் அதே பொய்யை மறுபடியும் சொன்னது.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு இரண்டே அறை. அதில் ஒன்றில் ஐந்து மாதமாக இந்த ஆம்ப் குடியிருக்கிறது. கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி அது. கடையிலேயே கிடைக்கும். ஆனால் பழைய காலத்துக் கண்ணாடி வால்வு போட்டுத் தன் கையால் செய்தால்தான் அந்த நாதம் வருமாம். இதுவரை 'டப்' என்ற நாதம்தான் வந்திருக்கிறது.

“ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் ரெண்டே நாளுதாங்க இருக்குது. பேசாம வாயாலயே வாசிச்சிடுங்க.”

“சும்மா இரு மலரு. இந்த எழுவது வோல்ட்டு எங்கேந்து ஜாஸ்தியா வருதுன்னே தெரியல.”

ஞாயிற்றுக்கிழமை மலைமேல் இருக்கும் கரியாலூரில் காசிநாதன் ஓட்டல் திறக்கிறார். இருவரும் ஒரு காலத்தில் ஒரே இசைக்குழுவில் இருந்தவர்கள். அவர் டிரம்ஸ், இவர் கிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, கச்சேரிக்குப் போகும் மாப்பிள்ளை வேண்டாம் என்று அப்பா சொன்னார். இவர் மறுபேச்சு பேசாமல் கிட்டாரைப் பரணில் போட்டுவிட்டு ஜெராக்ஸ் கடை வைத்தார். நான் அப்பா பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து வருஷம் கழித்து இப்போதுதான், அந்தத் திறப்பு விழாவில், நாலு பேர் முன்னால் வாசிக்கப் போகிறார். இதுவும் நடக்காமல் போனால் கிட்டார் மறுபடி பரணுக்குப் போய்விடும், இறங்கவே இறங்காது. வாய் கேலி செய்தாலும் எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். வீட்டில் மட்டும் யாரும் என்னைக் கேட்பதில்லை. கேட்காமலே சொன்னேன். வால்வுகள் அளவுக்கு மீறிச் சிவந்திருந்தன. அவற்றைச் சூடாக்கும் கம்பியிலும் மீட்டரை வைக்கச் சொன்னேன். அங்கேயும் கிட்டத்தட்ட கால்வாசி அதிகம். ஆனால் சுவர் பிளக்கில் சரியாக இருநூற்று முப்பத்தைந்து.

“எல்லா எடத்துலயும் ஒரே அளவுக்கு ஜாஸ்தின்னா, கன்டென்சர் இன்னாங்க பண்ணும்? டிரான்ஸ்பார்மர யாருகிட்ட கட்டுனீங்க?”

“அம்மாசி அண்ணன்கிட்ட.” சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அம்மாசி பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. நாங்கள் கேட்டதும் அவர் பெருமையோடு ஒப்புக்கொண்டார்.

“ஆமா டீச்சரு, சுத்து கொறச்சிதான் கட்டினேன். நம்ம பக்கம் எந்தக் கெணத்துல முழுக் கரண்ட்டு வருது? மோட்டாரெல்லாம் நூத்தித் தொண்ணூறுக்குத்தான் கட்டுறது. கம்மி கரண்ட்டுலயும் சாரோட பெட்டி நல்லா ஓடணும்னு பாத்தேன்.”

“எரநூத்தி முப்பதுக்குன்னு எழுதிக் குடுத்தேனே அண்ணே.”

“எல்லாரும் அப்டித்தான் சார் எழுதிக்கினு வராங்க.”

நூற்றுத் தொண்ணூறுக்குக் கட்டியதில் இருநூற்று முப்பத்தைந்து ஏறினால் எல்லாமே கால்வாசி கூடத்தான் வரும். திரும்பக் கட்ட மூன்று நாள் ஆகும் என்றார். பகலவன், வர முடியாது என்று சொல்லக் காசிநாதனுக்குப் போன் போட்டார். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

“அண்ணே, உங்க ஓட்டல்ல வோல்டேஜ் எவ்ளோ வருது?”

“அத ஏம்மா கேக்குற. லைனுல கடைசிக் கட்டடம் எங்களுது. நூத்தித் தொண்ணூறத் தாண்டாது. மிக்சி கூட அழுதுக்கினுதான் சுத்துது.”

“அப்ப நாங்க வரோம்ணே.”

அடுத்தவர் மிக்சி அழுவதைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஞாயிறு காலை மலையேறினோம். ஓட்டல் பிளக்கில் நூற்று எண்பத்தெட்டு. ஆம்ப்புக்குள் இருநூற்றுத் தொண்ணூற்றேழு. வால்வுகள் அடக்கமாகச் சிவந்தன. முதல் பாட்டில் பகலவன் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தார். இரண்டாவது பாட்டில் ஒரு தப்பும் இல்லை. ஐந்து மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்த நாதம் பொய்யில்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு.

அப்போதுதான் காசிநாதன் ஒரு புது ஸ்டெபிலைசரைக் காட்டினார். ஆம்ப்பின் ஒயர் அதில்தான் சொருகியிருந்தது. இன்னும் அதன் சுவிட்சைப் போடாததால் கரண்ட் கூடாமல் குறையாமல் அப்படியே அதன் வழியாக வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

“பகலவனுக்குன்னே நேத்து வாங்கினேம்மா. சுச்சியப் போட்டா டான்னு எரநூத்தி முப்பது. அப்புறம் பாரு சத்தத்த.”

அவர் கை சுவிட்சுக்குப் போனது.

“போடாதீங்கண்ணே.”

நான் போட்ட சத்தத்தில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவிட்சை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“ஏம்மா, நல்லதுக்குத்தானே?”

“அவரு வாசிக்கட்டும்ணே.”

பத்து வருஷத்துக்கு முன்னால் அப்பாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. கடைசிப் பாட்டு முடியும்வரை நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.