காதை அடைக்காத ஹெட்போன்

என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே என் வீட்டுக்காரர் முபினுக்கு ஒரு ஹெட்போன் இருந்தது. போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில், காய் சலிக்கும் மெஷின் பக்கத்தில் நாள் பூராவும் நிற்கிற வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்தாலும் அந்த இரைச்சல் காதை விட்டுப் போகாது என்பார். குளித்துவிட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினால்தான் முகம் மனுச முகமாகும்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பாட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வளர்ந்தன. போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே, பாட்டைக் கூட்டித் தர ஒரு கறுப்பு டப்பா வந்தது. அப்புறம் தடி வயர். கடைசியில் காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போனே வந்துவிட்டது. "இப்பத்தான் தஸ்னீம், வெளிச் சத்தமே வரல" என்று பூரித்துப்போனார். அந்த வெளிச் சத்தத்தில் நானும் சேர்த்தி என்பது அவருக்கு உறைக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றாலும் போய்த் தோளைத் தட்ட வேண்டும்.

எனக்கு ஏழாம் மாசம் நடந்தபோது, கொல்லையில் துவைக்கிற கல்லுப் பக்கம் வழுக்கி விழுந்தேன். எழ முடியவில்லை. "மச்சான், மச்சான்" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஜன்னல் வழியாக அவர் தலை தெரிந்தது. தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஒச்சம்மாக்காதான் ஓடிவந்து தூக்கினார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

அன்றைக்கே அவர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். நன்றாகத் திட்ட வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அதன்பிறகு நான் இருமினால் எழுந்துவிடுவார். குளியலறை வாசலில் காவல் நிற்பார். மற்ற நேரமெல்லாம் காதில் இரைச்சலோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் எரிச்சலாக வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது. பாட்டு இல்லாத முபினை எனக்குப் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை.

ஸ்கேனுக்கு ஒச்சம்மாக்காவோடு தேனிக்குப் போனவள், திரும்பும்போது ஒரு கடையில் நுழைந்தேன்.

"காதை அடைக்காத ஹெட்போன் இருக்கா?"

கடைக்காரர் சிரித்தார். "அடைக்கத்தானம்மா ஹெட்போனே வாங்குறாக."

"எங்களுக்கு அடைக்கக் கூடாது. அவருக்குப் பாட்டும் கேக்கணும், நான் கூப்பிட்டாலும் கேக்கணும்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தி, உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். "இதுல பின்பக்கம் பூரா சல்லடைதான். வெளிச் சத்தம் உள்ள வரும், பாட்டு வெளிய கசியும். அதுனாலயே யாரும் எடுக்கல."

ஏலக்காய் சலிக்கிறவருக்குச் சல்லடை பொருத்தம்தான் என்று வாங்கிவிட்டேன்.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் முபினுக்கு முகம் செத்துவிட்டது. "எனக்கு வேணாம். திருப்பிக் குடுத்துரு."

"மாட்டித்தான் பாருங்களேன்."

"வேணாம் தஸ்னீம். அன்னைக்கு நீ எத்தனை தடவை கூப்பிட்டியோ."

அதைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. குரல் உடைந்திருந்தது. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் இரண்டு பேரும் அழுதால் யார் சோறு வடிப்பது?

"பரண்ல ஏறி அந்தச் சாக்கை எடுங்க. இல்லாட்டி நானே ஏறுறேன்" என்றேன்.

வெரசாக ஏறிவிட்டார். டப்பாவையும் வயரையும் பொருத்தியதும், புது ஹெட்போனை நானே அவர் தலையில் மாட்டினேன். பாட்டு ஓடியது. எனக்கும் மெல்லிசாகக் கேட்டது. நான் கொல்லைக்குப் போய் அதே கல்லில் உட்கார்ந்தேன். கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல, "மச்சான்" என்றேன்.

நாற்காலி சரிகிற சத்தம் கேட்டது. ஓடிவந்து நின்றார். தலையில் ஹெட்போன், பின்னால் தரையில் இழுபடும் வயர். பாட்டு அறுந்துபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். போடிமெட்டுப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. "கேட்டுச்சு தஸ்னீம்" என்றார். கொஞ்சம் கழித்து, "இன்னொருக்க கூப்பிடு" என்றார்.

"உள்ள போய் உக்காருங்க, கூப்பிடுறேன்."

போனார். மழை பிடிக்கும்வரை நான் ஒரு சோலியும் இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. பாட்டுக்கு நடுவே ஒவ்வொரு தடவையும், "இங்கதான் இருக்கேன்" என்று பதில் சொன்னார்.